ரிட்டயர்மெண்ட் எப்போ, சார்?

நாய்க்குட்டி வேண்டும் என்று யார் போன் செய்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். தோட்டம் இருக்கிறதா, அசைவம் சமைப்பீர்களா, சின்னக் குழந்தைகள் உண்டா என்பதெல்லாம் பிறகு. வெளியூர்க்காரர்கள் என்றால், "அதுக்கும் நாய்க்கும் என்னங்க சம்பந்தம்?" என்பார்கள். நெய்வேலிக்காரர்கள் ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டு, மாதமும் வருஷமுமாகச் சொல்லிவிடுவார்கள். இந்த ஊரில் எல்லோருக்கும் அந்தத் தேதி மனப்பாடம்.

1956-ல் சுரங்கக் கம்பெனி வந்தது, கம்பெனியோடு ஊரும் வந்தது. வட்டம் வட்டமாகப் பிரித்து, அகலமாகச் சாலை போட்டு, வேம்பும் புங்கனும் வைத்து வளர்த்த ஊர். குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு முன்னாலும் பின்னாலும் மா, பலா, முருங்கை என்று ஏதாவது நிற்கும். நாய் வளர்க்க இதைவிடத் தோதான ஊரை நான் பார்த்ததில்லை. ஆனால் இந்த வீடுகளில் ஒன்றுகூட அதில் குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. 60 வயது நிறைகிற மாதத்தின் கடைசி நாள் மாலை போட்டு வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். அதற்குப் பிறகு சாமான் கட்டி, லாரி பிடித்து, சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். சிலர் வடக்குத்து, இந்திரா நகர், வடலூர்ப் பக்கம் முன்கூட்டியே மனை வாங்கிக் கட்டியிருப்பார்கள். சிலர் சொந்த ஊருக்குப் போவார்கள். சென்னையில் மகன் வீட்டு ஃபிளாட்டுக்குப் போகிறவர்களும் நிறைய.

ஒரு நாட்டு நாய் நல்ல சாப்பாட்டோடும் தடுப்பூசியோடும் வளர்ந்தால் 12 வருஷம், 15 வருஷம்கூட இருக்கும். 52 வயதில் ஆசையாகக் குட்டி எடுத்தவர் வீட்டைக் காலி செய்கிறபோது அதற்கு எட்டு வயது. லாரியில் பீரோவுக்கு இடம் இருக்கும், வாஷிங் மெஷினுக்கு இடம் இருக்கும், அதற்கு மட்டும் இருக்காது. எங்கள் தெருவில் அப்படி ஒரு நாய் இருந்தது. வீடு பூட்டிய பிறகும் வராண்டாவை விட்டு நகரவில்லை. புதிதாக வந்த குடும்பம் நல்லவர்கள், விரட்டவில்லை, சோறும் வைத்தார்கள். ஆனால் தினமும் கம்பெனி பஸ் வருகிற நேரத்துக்கு அது கேட்டில் போய் நிற்கும். எல்லோரும் இறங்கிப் போன பிறகும் நிற்கும். நான் வீடு தேடிக்கொடுக்கிற வேலையில் இறங்கியதற்குக் காரணம் அந்த நாய்தான்.

நாயை இப்படி விட்டுவிட்டுப் போவதைச் சட்டமும் குற்றம் என்றுதான் சொல்கிறது. 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில், பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும்படி ஒரு பிராணியைக் கைவிடுவதும் சேர்ந்திருக்கிறது. அந்தச் சட்டம் வருவதற்கு விதை போட்டவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் அவர் தனிநபர் மசோதா கொண்டுவந்த பிறகுதான் அரசாங்கமே சட்டம் கொண்டுவர ஒப்புக்கொண்டது. 1962-ல் விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவர்தான். முதல் தடவை கைவிட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அன்றைக்கு அது ஒரு தொகையாக இருந்திருக்கும். இன்றைக்கு லாரி வாடகையில் அது ஒரு மூலைக்குக்கூட வராது. அதனால்தான் பிரியும்போது வழக்குப் போடுவதைப் பற்றி நான் யோசிப்பதில்லை. எடுக்கும்போதே தேதி கேட்டுவிடுகிறேன்.

போன கார்த்திகை மழையில் வந்து சேர்ந்தவளுக்கு வீடு தேடிய கதையைச் சொல்கிறேன்.

ஒரு பள்ளிக்கூட மதிலோரம், மழைநீர் ஓடுகிற கால்வாய்க்கு மேலே நின்று குரைத்துக்கொண்டிருந்தாள். நனைந்த குட்டி பயந்து சுருண்டு கிடக்கும், இவள் கால்வாயோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளைக் கோடு, ஒரு காது மட்டும் நிமிர்ந்திருந்தது. இரண்டு மாதத்துக் குட்டி. தாயைக் காணவில்லை. அங்கேயே விட்டுவிடவும் முடியாத நேரம் அது. 2025 ஆகஸ்ட் 22 அன்று, கருத்தடையும் தடுப்பூசியும் போட்ட தெருநாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. நவம்பர் 7-ல் வந்த உத்தரவு, பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கிற நாய்களைத் திரும்ப அங்கேயே விடக்கூடாது என்றது. அதற்குப் பிறகு எனக்கு வருகிற போன்கள் கூடிவிட்டன. "அக்கா, ஸ்கூல் வாசல்ல ஒண்ணு நிக்குது, யாராவது புடிக்கிறதுக்குள்ள எடுத்துக்குங்க" என்று வாட்ச்மேன் தம்பிகளே கூப்பிடுகிறார்கள்.

பெயர் மின்னல் என்று என் மகள் வைத்தாள். பொருத்தமான பெயர். காலை நான்கரைக்கு எழுந்துவிடுவாள். வாளியை உருட்டுவாள், மாப்புக் குச்சியை இழுத்துக்கொண்டு ஓடுவாள், நடக்கிறவர்கள் புடவைக் கொசுவத்தில் தொங்குவாள். பல் பட்டுக் கீறாத கை வீட்டில் இல்லை. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தெருவில் எடுத்த குட்டி கடித்தாலோ கீறினாலோ, குட்டிதானே என்று விடக்கூடாது. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நாங்கள் எல்லோரும் போட்டுக்கொண்டோம். ரேபிஸ் வந்த பிறகு வைத்தியம் இல்லை.

துறுதுறுப்பான குட்டிக்கு மருந்து ஓட்டம்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஓட விட்டால் அடங்கிவிடும் என்பார்கள். நான் கவனித்தவரை, மாலையில் அதிகம் ஓடிய நாளில்தான் மின்னல் அதிகம் கடித்தாள். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரமாவது தூங்க வேண்டும். தூக்கம் கெட்ட குட்டிதான் வெறிபிடித்த மாதிரி சுற்றிச்சுற்றி ஓடுகிறது. மத்தியானம் ஜன்னலைச் சாத்தி, கோணிச்சாக்கு விரித்து, பக்கத்தில் நானும் படுத்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவாள். விழித்திருக்கும் நேரத்தில் அவளுக்கு வேண்டியது மூக்குக்கு வேலை. பழைய துண்டைச் சுருட்டி மடிப்புக்குள் அவித்த முட்டையைத் துண்டு துண்டாக ஒளித்து வைத்தால், அரை மணி நேரம் வீட்டில் சத்தமே இருக்காது. தேங்காய் மட்டையைக் கடிக்கக் கொடுத்தால் செருப்பு பிழைக்கும். இதற்கெல்லாம் ஏக்கர் கணக்கில் இடம் தேவையில்லை, வீட்டில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

இதைச் சொன்னபோது கோபித்துக்கொண்டவர், மின்னலைக் கேட்டு வந்த ஒரு அதிகாரி. பெரிய குவார்ட்டர்ஸ், நான்கு பக்கமும் தோட்டம், அந்தக் கால மாமரங்கள். "இவ்ளோ எடம் இருக்கு, நாள் முழுக்க ஓடட்டுமே, வேறென்னம்மா வேணும் அதுக்கு?" என்றார். அவரும் அவர் மனைவியும் மட்டும்தான். ரிட்டயர்மெண்ட் அடுத்த வருஷம். அதன் பிறகு பெங்களூரில் மகளோடு, பதினோராவது மாடியில். "அப்போ பாத்துக்கலாம்" என்றார். நான் வேண்டாம் என்றேன். பிராணிகள் மேல் பிரியமில்லாதவர் இல்லை அவர், மரத்தடியில் தினமும் அணிலுக்கு வைக்கிறவர். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் கண்டிப்பாக இருக்கவேண்டிய இடம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆளில்லாத தோட்டத்தில் விடப்படுகிற குட்டி ஓடி விளையாடாது. கேட்டோரம் உட்கார்ந்து போகிற வருகிற எல்லோரையும் பார்த்துக் குரைக்கப் பழகும், ஒரு வருஷத்தில் யாரும் நெருங்க முடியாத நாய் ஆகிவிடும். அதற்குப் பிறகு அதை யார் எடுப்பார்கள்?

புது இன்ஜினியர் தம்பி ஒருவர் வந்தார். வடநாட்டுப் பிள்ளை, தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுவார். மின்னல் அவர் மடியிலேயே தூங்கிவிட்டாள். அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தனி ஆள், ஷிப்டு மாறிக்கொண்டே இருக்கும், நைட் ஷிப்டு முடித்து வந்தால் பகலெல்லாம் தூங்க வேண்டும். கம்பெனிக்கு இன்றைக்கு ராஜஸ்தானில் பர்சிங்சர், ஒடிசாவில் தலபிரா, உத்தரப் பிரதேசத்தில் காட்டம்பூர் என்று பல இடங்களில் சுரங்கமும் மின் நிலையமும் இருக்கின்றன. எப்போது எங்கே போட்டாலும் போக வேண்டியதுதான். அவரே யோசித்துவிட்டு, "அக்கா, நான் டெய்லி வந்து விளையாடிட்டுப் போறேன், குட்டி வேற வீட்டுக்குப் போகட்டும்" என்றார். சொன்ன மாதிரியே வந்தார். 'உட்கார்' என்ற சொல்லை அவளுக்குப் பழக்கியவர் அவர்தான், அதுவும் தமிழில்.

மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக வேண்டும் என்று வந்தவர்களுக்கு ஒரே வார்த்தையில் இல்லை என்றேன். மகனுக்கு நான்கு வயது. கடித்து விளையாடும் குட்டியையும் நான்கு வயதையும் ஒரே அறையில் விட்டால் இரண்டும் அழும்.

தோப்புக்காரர் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. நெய்வேலியைச் சுற்றிப் பண்ருட்டி வரைக்கும் முந்திரியும் பலாவும்தான். நாய் வேண்டும் என்று அதிகம் கேட்பதும் தோப்பு வைத்திருப்பவர்கள்தான். நல்ல சோறு போடுவார்கள், வருஷக் கணக்குப் பிரச்சினை கிடையாது, நிலம் பரம்பரையாக அங்கேயேதான் இருக்கும். இவரும் நல்ல மனிதர். "துடியான குட்டியா இருக்கு, காவலுக்கு நல்லா வரும்மா" என்று மகிழ்ந்துபோனார். ராத்திரி தோப்பில் யார் இருப்பார்கள் என்று கேட்டேன். "யாரும் இருக்க மாட்டாங்க, அதுக்குத்தானே நாய்." பகலில்? "பகல்ல கட்டிப் போட்டுடுவோம். அப்பதான் ராத்திரி அவுத்து விட்டா வெறியா காவல் காக்கும். துடிப்பெல்லாம் நாலு மாசம் கட்டிப்போட்டா அடங்கிடும்."

அடங்கிவிடும் என்பது உண்மைதான். எனக்குப் பயமே அந்த அடங்குதல்தான். 1965-ல் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், பல வருஷம் குட்டிகளை வளர்த்துப் பார்த்து ஒரு புத்தகம் எழுதினார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை ஒரு குட்டி யாரோடு பழகுகிறதோ, எதைப் பார்க்கிறதோ, எதைக் கேட்கிறதோ, அதை வைத்துத்தான் அதன் பிற்கால சுபாவம் பெரும்பாலும் அமைகிறது என்பது அவர்கள் கண்டது. அந்த வாரங்களில் மனிதர் கை படாத குட்டி பிறகு மனிதரைக் கண்டால் மிரளும். மின்னலுக்கு அந்த வாசல் சாத்திக்கொண்டிருந்தது. மரத்தடிச் சங்கிலியில் அவளை விட எனக்கு மனம் வரவில்லை. தோப்பிலேயே குடியிருக்கிற குடும்பம் என்றால் நான் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன், அவரிடமும் அப்படியே சொன்னேன்.

வாசல் சாத்துவதற்குள் என்னால் ஆனதைச் செய்தேன். தடுப்பூசி முடியாத குட்டியைத் தரையில் நடத்தக்கூடாது. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும், ரத்தபேதி வந்தால் குட்டி இரண்டு மூன்று நாளில் போய்விடும். அதனால் மாட்டாஸ்பத்திரியில் பூச்சி மருந்து கொடுத்து, முதல் ஊசி போட்டபின், துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஊரைக் காட்டினேன். மார்க்கெட் சத்தம், கம்பெனி பஸ், ஹெல்மெட் போட்ட ஆட்கள், கோயில் மேளம், குக்கர் விசில், குடை விரிப்பது, எல்லாம். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில்.

கேட்டவர்களில் பாதிப் பேர் பின்வாங்கியது பெட்டை என்று தெரிந்ததும்தான். "ஆண் குட்டின்னா சொல்லுங்க." வடலூர் பக்கத்தில்தான் இருக்கிறது, பசித்தவர்களுக்குச் சோறு போட 1867-ல் வள்ளலார் அங்கே மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது. இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு வாயில்லா ஜீவனுக்குச் சோறு வைக்க யாரும் சொல்லித்தர வேண்டாம், தெருநாய்க்கு மிச்சம் வைக்காத வீட்டைத் தேடத்தான் வேண்டும். அதே மனிதர்கள் பெட்டைக்குட்டி என்றால் கோணியில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவிட்டு வருகிறார்கள். இந்த இரண்டும் ஒரே மனதில் இருப்பது எனக்கு ஆறாத வருத்தம். குட்டி போடும் என்ற பயத்துக்குத் தீர்வு கருத்தடை. 1959-ல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ், கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யலாம் என்று 1960-களிலேயே சொல்லத் தொடங்கிவிட்டது. அதுவே நாட்டுக்கு விதியாக வந்தது 2001-ல், 2023-ல் அந்த விதிகளைத் திருத்தி எழுதினார்கள். ஆறு மாதத்தில் ஒரு ஆபரேஷன், பத்து நாள் கவனிப்பு. அவ்வளவுதான். அதற்குப் பிறகு பெட்டைக்கும் கடுவனுக்கும் வளர்ப்பில் என்ன வித்தியாசம்?

ஜாதி கேட்பவர்களும் உண்டு. ராஜபாளையமா, சிப்பிப்பாறையா, கோம்பைக் கலப்பா? நாட்டு நாய் என்பேன். கடலூர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் ஹஸ்கியை வாங்கி ஏசி அறையில் பூட்டி வைக்கிற காலத்தில், இந்த மண்ணுக்கென்றே வந்த குட்டை மயிர்க்காரியை வேண்டாம் என்கிறார்களே என்று ஆற்றாமையாக இருக்கும்.

கடைசியில் வந்தது ஒரு அம்மா. வடக்குத்துப் பக்கம், சொந்த வீடு. வீடு என்றால் இரண்டு அறை, முன்னால் சிமெண்ட் ஷீட் போட்ட திண்ணை. தோட்டம் கிடையாது. வீட்டுக்காரர் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. அந்த அம்மா திண்ணையில் மிஷின் போட்டுத் துணி தைக்கிறார். மகன் ஒன்பதாம் வகுப்பு, ஓட்டப்பந்தயக்காரன், விடிகாலை ஐந்து மணிக்கு மைதானத்துக்குப் போகிறவன். மாமியார் எப்போதும் வீட்டில். கூடவே கருப்பன் என்று ஒரு கிழநாய், பத்து வயது. "இவன் போயிட்டா எனக்குத் தாங்காது மேடம். இவன் இருக்கும்போதே ஒரு குட்டியை இவங்கிட்டப் பழக்கிடணும்" என்றார்.

நான் கேட்பதற்கு முன்பே அவர் கேட்ட கேள்விகள்தான் என்னைக் கவர்ந்தன. ராத்திரி அழுவாளா, எத்தனை தடவை சோறு, பால் வைக்கலாமா? மாட்டுப்பால் பல குட்டிகளுக்கு வயிற்றால் போகும், தயிர்சாதமும் முட்டையும் கோழி ஈரலும் போதும் என்றேன். கோழி எலும்பை வேகவைத்துப் போடக்கூடாது, சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும் என்று பாட்டி எனக்குச் சொன்னார். கருப்பனை வளர்த்த கை அது.

ஒரு தயக்கம் இருந்தது. வீட்டு வாசல் நேராகத் தெரு, டிராக்டரும் மண் லாரியும் போகிற தெரு. திண்ணைக்கு மூங்கில் தட்டி கட்டி, கீழே இடைவெளி இல்லாமல் வலை அடித்த பிறகு கூப்பிடுங்கள் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே கட்டிவிட்டுப் படம் அனுப்பினார்கள். தட்டியின் உயரம் போதுமா என்று பார்க்கப் பையன் அதன் பின்னால் நின்றிருந்தான்.

முதலில் சில நாள் வைத்துப் பாருங்கள் என்று கொண்டுபோய் விட்டேன். மின்னல் போன வேகத்தில் கருப்பன் வாலைக் கடித்தாள். அவன் எழுந்திருக்கவே இல்லை, தொண்டைக்குள் ஒரே ஒரு உறுமல். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான்கு பேர் சேர்ந்து என் வீட்டில் சொல்லிக்கொடுக்க முடியாததை அந்தக் கிழவன் முதல் நாளே தொடங்கிவிட்டான். எங்கே கடிக்கலாம், எவ்வளவு அழுத்தலாம், எப்போது விட வேண்டும் என்பதைப் பெரிய நாயிடம்தான் குட்டி சரியாகப் படிக்கிறது. காலையில் பையனோடு மொட்டை மாடியில் விளையாட்டு. மற்ற நேரம் தையல் மிஷினுக்கு அடியில், துணிக் கத்தரிப்புகளுக்கு நடுவே தூக்கம். ஊசிகள் எல்லாம் முடிந்த பிறகுதான் மைதானம் என்று பையனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். ஆறு மாதத்தில் கருத்தடை, வருஷா வருஷம் ரேபிஸ் ஊசி, சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டுவதில்லை, எந்தக் காரணத்தாலும் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் வேறு யாருக்கும் தராமல் என்னிடமே திருப்பித் தருவது. அந்த அம்மா கையெழுத்துப் போட்டார். நானும் போடுகிறேன் என்று பையன் பேனாவை வாங்கிக்கொண்டான். கருத்தடைக்குப் புதுச்சேரி குரும்பாபேட் கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாமா, கடலூரிலேயே செய்துவிடலாமா என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். கார் வைத்திருக்கிற இன்ஜினியர் தம்பி, எந்த ஊர் என்றாலும் தானே ஓட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.